கணக்கு எழுதுற பொண்ணுக்கு எந்த ஹெட்ல சம்பளம்? சிஎஸ்ஆர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிஎஸ்ஆர் தலைவர்களுக்கும், பவுண்டேஷன் டிரஸ்டிகளுக்கும், புரோகிராம் மேனேஜர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள்ல ஒருத்தர் ஆபீஸ்ல இருந்து எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. மூணே வரி. அடுத்த வருஷ பட்ஜெட்ல 14வது வரியா இருக்கிற அக்கவுண்டன்ட் சம்பளத்தையும் 15வது வரியா இருக்கிற ஆபீஸ் வாடகையையும் எடுத்துடணும், சிஎஸ்ஆர் சட்டப்படி (கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கை சமூகத்துக்குச் செலவு பண்ணணும்ங்கிற சட்டம்) அட்மின் செலவு 5 பர்சென்ட்டைத் தாண்டக்கூடாது, ரிவைஸ் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. அவ்வளவுதான். கம்பெனி பேரை இங்க நான் எழுதப்போறதில்ல, ஏன்னா இதே மெயில் வேற வேற லோகோவோட எனக்கு நாலஞ்சு இடத்துல இருந்து வந்திருக்கு, அதனால இது உங்க எல்லாருக்கும் சேர்த்துதான்.

நான் வேதாரண்யம் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட்ல வேலை பாக்குறேன். மொத்தம் 11 பேர். சுனாமி சமயத்துல வாலண்டியரா உள்ள வந்தவ அப்படியே தங்கிட்டேன். புரபோசல் எழுதுறது, ரிப்போர்ட் அனுப்புறது, உங்க ஆளுங்க விசிட் வந்தா வண்டி பிடிக்கிறது, யூசில (குடுத்த காசு சரியாச் செலவாச்சுங்கிற சான்று) கையெழுத்து வாங்க ஆடிட்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கிறது எல்லாம் நான்தான். உங்க பாஷையில டோனர் பார்ட்னர்ஷிப் மேனேஜர். ஊர்ல கூப்பிடுறது புரபோசல் அக்கான்னு.

அந்த 5 பர்சென்ட்டுக்கு வரேன். இத்தனை வருஷமா நீங்க சொன்னதை நானும் நம்பிட்டு இருந்தேன், சட்டம்னு சொன்னா நம்ம மாதிரி ஆளுங்க வாயை மூடிக்குவோம்ல. இந்தத் தடவ அந்த மெயிலைப் படிச்சதும் ராத்திரி உக்காந்து விதியை எடுத்துப் படிச்சேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135, அதுக்குக் கீழ 2021 ஜனவரியில திருத்தின சிஎஸ்ஆர் விதிகள். 7வது விதி என்ன சொல்லுதுன்னா நிர்வாகச் செலவு கம்பெனியோட அந்த வருஷத்து மொத்த சிஎஸ்ஆர் செலவுல 5 பர்சென்ட்டைத் தாண்டக்கூடாது. சரி, யாரோட நிர்வாகச் செலவு? அதுக்கு 2வது விதியிலேயே விளக்கம் இருக்கு. கம்பெனிக்குள்ள சிஎஸ்ஆர் வேலையைப் பாத்துக்க கம்பெனி பண்ற பொதுச் செலவு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பீடு பண்ண நேரடியா ஆகுற செலவு இதுல வராதுன்னு அதே வாக்கியம் சொல்லுது. 2021 ஆகஸ்ட்ல கார்ப்பரேட் விவகார அமைச்சகம் கேள்வி பதிலா விட்ட சுற்றறிக்கையும் இதையேதான் சொல்லுது, களத்துல வேலை பாக்குற அமைப்பு செய்யிற செலவு கம்பெனியோட அட்மின் கணக்குல வராதுன்னு.

அதாவது சார், அந்த 5 பர்சென்ட் உங்க டிபார்ட்மென்ட்டுக்குப் போட்ட வேலி. உங்க சம்பளம், உங்க ஸ்டேஷனரி, நீங்க சென்னையில இருந்து வந்து போற பயணப்படி, இதுக்கெல்லாம்தான் அந்த வரம்பு. அதைப் பிடுங்கிட்டு வந்து எங்க வாசல்ல நட்டு வச்சு, பாருங்க சட்டம் இங்க நிக்குதுன்னு சொல்லிட்டு இருக்கீங்க. தெரியாம சொன்னீங்களா தெரிஞ்சே சொன்னீங்களான்னு நான் கேக்கல. ஆனா உங்க பக்கத்துல லீகல் டீம் இருக்கு, எங்ககிட்ட இருக்கிறது ஒரு டேட்டா கார்டு.

இன்னொண்ணும் அதே விதிகள்ல கண்ணுல பட்டுச்சு. பெரிய சிஎஸ்ஆர் பட்ஜெட் இருக்கிற கம்பெனிங்க இம்பாக்ட் அசெஸ்மென்ட் பண்ணணும்ல, அதுக்கு மொத்த சிஎஸ்ஆர் செலவுல 2 பர்சென்ட் இல்லைன்னா 50 லட்சம், இதுல எது கூடவோ அதுவரைக்கும் கணக்குல காட்டலாம்னு 2022ல திருத்தியிருக்காங்க. வேலை நடந்து முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு வந்து நல்லா நடந்துச்சான்னு பாக்குறவருக்கு 50 லட்சம் வரைக்கும் இடம் இருக்கு. நடக்கும்போதே தினமும் கணக்கு எழுதுற பொண்ணுக்கு மாசம் 13,000 குடுக்க இடம் இல்ல.

எங்க புராஜெக்ட் மொத்தம் 32 லட்சம். உப்பளத் தொழிலாளிங்க குடும்பத்துக்கு, புயல் காலத்துக்கு முன்னாடி வீட்டுக் கூரை பலப்படுத்துறது, குடிதண்ணி, தனியா இருக்கிற பெண்களுக்கு சின்ன வருமானம், இப்படி. 32 லட்சத்துல 5 பர்சென்ட்ன்னா 1 லட்சத்து 60 ஆயிரம். ஆடிட் பீஸும் என் சம்பளத்துல பாதியும் போட்டாலே அது தீந்துடும். அக்கவுண்டன்ட்டுக்கு வருஷத்துக்கு 1 லட்சத்து 56 ஆயிரம், வாடகை 48 ஆயிரம், ரெண்டும் சேந்து 2 லட்சத்து 4 ஆயிரம். நீங்க வெட்டச் சொன்னது இதைத்தான்.

அந்த அக்கவுண்டன்ட் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, விசிட் வந்தப்ப டீ கொண்டாந்து குடுத்த பொண்ணுன்னு சொன்னா ஒருவேளை ஞாபகம் வரும் (டீ குடுக்கிறது அவ வேலை இல்ல, அன்னைக்கு வேற ஆள் இல்ல). அகஸ்தியம்பள்ளி பக்கம், அப்பா அம்மா ரெண்டு பேரும் உப்புப் பாத்தியில வேலை. தபால்ல பி.காம் முடிச்சா. ஆறு வருஷமா எங்ககூட இருக்கா. ஒரு குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய் குடுக்கிறோம்னு வைங்க, நீங்க பாக்குறது ஒரு போட்டோ. அவ பாக்குறது மூணு கடை கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஎஸ்டி பில், வண்டி வாடகை வவுச்சர், ஸ்டாக் ரெஜிஸ்டர், வாங்கினவங்க கையெழுத்து, கைநாட்டுன்னா சாட்சிக் கையெழுத்து, பேங்க் ஸ்டேட்மென்ட்ல டிக், அப்புறம் நீங்க கேட்ட எக்செல் பார்மட்ல அத்தனையும் திரும்ப ஒரு தடவ. இது ஒரு கம்பெனிக்கு. அடுத்த கம்பெனி பார்மட் வேற, காலாண்டு வேற, போட்டோவுக்கு பைல் பேரு வைக்கிற முறை கூட வேற. இதுக்கு மேல 12ஏ, 80ஜின்னு இருக்கிற வருமான வரிச் சலுகைப் பதிவை எல்லாரும் புதுசா மறுபடி பண்ணணும்னாங்க, 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர் காசு வாங்கணும்னா சிஎஸ்ஆர்-1 பதிவு வேணும்னாங்க, வருஷா வருஷம் மே 31க்குள்ள 10பிடி (நன்கொடை குடுத்தவங்க விவரம்) பைல் பண்ணணும். இந்த பேப்பர் எல்லாம் இருந்தாத்தான் நீங்க எங்களுக்கு காசே குடுப்பீங்க. பேப்பர் ரெடி பண்றவளுக்கு மட்டும் சம்பளம் குடுக்க மாட்டீங்க. இது என்ன கணக்கு?

இப்ப ஒரு உண்மையைச் சொல்றேன், இதைப் பொதுவுல எழுதுறதுக்கு எனக்கு ரொம்பத் தயக்கமா இருந்துச்சு. ஆறு வருஷத்துல அவ பேருக்கு எதிர்ல நாங்க எழுதின பதவிங்க: கள ஒருங்கிணைப்பாளர், எம்ஐஎஸ் அசிஸ்டென்ட், சமூக ஊக்குனர், ஒரு வருஷம் ஹெல்த் எஜுகேட்டர் கூட. அவ ஒரு நாளும் யாருக்கும் ஹெல்த் எஜுகேஷன் பண்ணதில்ல. இப்படி எழுதுங்கன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க ஆளுங்கதான். "மேடம், அக்கவுண்டன்ட்னு போட்டா கமிட்டியில கேள்வி வரும், வேற பேர் போட்டு அனுப்புங்க"ன்னு போன்ல சொல்லுவாங்க, மெயில்ல எழுத மாட்டாங்க. அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆடிட்டருக்கும் தெரியும். எல்லாரும் சேந்து ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டுட்டு, மேல வெளிப்படைத்தன்மைன்னு தலைப்பு வச்சுக்கிறோம். இந்த வருஷம்தான் முதல் தடவையா நான் அக்கவுண்டன்ட்னு உண்மையை எழுதினேன். உடனே வெட்டச் சொல்லிட்டீங்க.

கஜா புயலைப் பத்திச் சொல்லாம இது புரியாது.

2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. காலையில எழுந்து பாத்தா ஊரே அடையாளம் தெரியல. லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சிருந்துச்சு டெல்டா முழுக்க, ரோட்டுல நடக்கவே மரத்து மேல ஏறி எறங்கணும், போன் கிடையாது, கடல் கொண்டாந்து கொட்டுன சேறு கரையில கெட்டியாக் கிடந்துச்சு. தென்னை போனதைப் பத்தி எல்லாரும் எழுதினாங்க, நியாயம்தான். உப்பளத்துல கூலிக்கு நிக்கிறவங்களுக்கு போறதுக்கு மரம் கூட இல்ல. ஓலைக் கூரை ஒண்ணுதான் இருந்துச்சு, அது போச்சு.

நாங்க மூணாவது நாளே ஒன்பது குடியிருப்புலயும் தார்ப்பாய் குடுத்துட்டோம். எப்படி முடிஞ்சுது தெரியுமா? எங்ககிட்ட ஒரு ரெஜிஸ்டர் இருந்துச்சு. நாலு குயர் நோட்டு, அட்டை கிழிஞ்சது. எந்த வீட்ல தனியா இருக்கிற பெண், எந்த வீட்ல படுக்கையில கிடக்கிற பெரியவர், யாருக்கு கைக்குழந்தை, யாரு மாசமா இருக்கா, எல்லாம் தெரு வாரியா அதுல இருக்கு. முன்னாடி ஒரு புராஜெக்ட்ல ஆரம்பிச்சது, அந்த கம்பெனி ரெண்டு வருஷத்துல கிளம்பிடுச்சு, ரெஜிஸ்டரைப் புதுப்பிக்கிற செலவு அட்மின் மாதிரி இருக்குன்னு சொல்லி கடைசி பட்ஜெட்ல இருந்து எடுத்துட்டாங்க. அப்புறமும் எங்க ஆபீஸ் பொண்ணுங்க சனிக்கிழமை சாயங்காலத்துல, சொந்தக் காசுல ஷேர் ஆட்டோ பிடிச்சு போய் எழுதி வச்சது அது. கரண்ட் இல்லாம, கம்ப்யூட்டர் இல்லாம, டார்ச் வெளிச்சத்துல அந்த நோட்டைப் பாத்துதான் யாருக்கு முதல்ல குடுக்கணும்னு முடிவு பண்ணோம். லாரி வந்து நடுரோட்டுல நின்னு தூக்கிப் போட்டா கையில பலம் இருக்கிறவன் நாலு வாங்கிட்டுப் போவான், படுத்துக் கிடக்கிற கிழவிக்கு ஒண்ணும் கிடைக்காது. அது நடக்காம பாத்தது அந்த நோட்டு. உங்க ஷீட்ல அதுக்குப் பேரு ஓவர்ஹெட்.

அந்தத் தார்ப்பாய்க்கு காசு எங்க இருந்து வந்துச்சுன்னா, வரல. நாகப்பட்டினத்துல ஒரு கடைக்காரர், 2 லட்சத்துக்கு மேல சரக்கை கடனாத் தூக்கிக் குடுத்தார். துண்டுச் சீட்டுல எண்ணிக்கை மட்டும் எழுதினார். "ஜனங்களுக்குப் போய்ச் சேரட்டும்மா, காசு வரப்ப வரட்டும்"னார். அவருக்கும் அன்னைக்கு கடை ஷட்டர் பிஞ்சு கிடந்துச்சு.

அதே வாரம் ஒரு கம்பெனியில இருந்து போன் வந்துச்சு, உடனே உதவி பண்றோம், கான்செப்ட் நோட் அனுப்புங்கன்னு. செல்போன் டவர் கிடைக்கிற இடத்துக்கு திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய் அனுப்பினேன். அப்புறம் டியூ டிலிஜென்ஸ்னு எங்க அமைப்பைச் சரிபாக்குற வேலை, மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட், டிரஸ்டிங்க எல்லாரோட பான் கார்டு, போர்டு தீர்மானம், கேன்சல்டு செக், ஊழல் எதிர்ப்புக் கொள்கை, பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை. கேக்கிறது தப்பில்ல, கேக்கணும்தான். ஆனா கூரை இல்லாத வீட்டுல மழை பெஞ்சுட்டு இருக்கிறப்பவா? ஜனவரியில அவங்க போர்டு மீட்டிங், பிப்ரவரியில எம்ஓயு (ஒப்பந்தம்), மார்ச் முதல் வாரம் காசு வந்துச்சு. மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி யூசி வேணும்.

நவம்பர்ல எழுதின பட்டியல்ல கம்பளி இருந்துச்சு. மார்ச்ல உப்பளத்துல வெயில் எப்படி அடிக்கும்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கண்ணைத் திறக்க முடியாது, கீழ வெள்ளை, மேல வெள்ளை. இனிமே கம்பளி வேணாம், அந்தக் காசுக்கு பாத்தி வேலைக்கு ரப்பர் பூட்ஸும் தண்ணி டிரம்மும் வாங்கிக்கிறோம்னு கெஞ்சி மெயில் போட்டேன். போர்டு அப்ரூவ் பண்ண லிஸ்ட்டை மாத்த முடியாதுன்னு பதில். குடுத்தோம். 400 கம்பளி. பேனருக்கு முன்னாடி நிக்கவச்சு போட்டோவும் எடுத்தோம். ஒரு ஆயா வாங்கிட்டு என்கிட்ட கேட்டுச்சு, "என்ன தாயி, அடுத்த மார்கழிக்கு இப்பவே அட்வான்ஸா?"

அந்த மார்ச் 31 உங்களுக்கும் தலைவலிதான்னு எனக்குப் புரியாம இல்ல. எங்க அக்கவுண்ட்டுக்கு காசு போட்டா மட்டும் செலவாயிடுச்சுன்னு கணக்கு காட்ட முடியாது, நாங்க உண்மையிலேயே செலவு பண்ணாத்தான் கணக்கு, உங்க நிதித் தலைவர் (சிஎப்ஓ) அதுக்கு சான்று குடுக்கணும். ஆனா 2021க்கு அப்புறம் அதே சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கு. நடந்துட்டிருக்கிற திட்டம்னு போர்டு முடிவு பண்ணிட்டா, ஆரம்பிச்ச வருஷம் போக மூணு வருஷம் வரைக்கும் நடத்தலாம், அந்த வருஷம் மிஞ்சின காசை 30 நாளுக்குள்ள தனி அக்கவுண்ட்ல போட்டு வச்சு அடுத்த மூணு நிதியாண்டுக்குள்ள செலவு பண்ணலாம். அந்த வழியில எங்களைக் கூட்டிட்டுப் போன கம்பெனி இதுவரைக்கும் ஒண்ணுதான். மத்தவங்க எல்லாம் வருஷா வருஷம் ஏப்ரல்ல எங்களைப் புதுசாப் பாக்குற மாதிரி பாத்து, ஜூலை வரைக்கும் யோசிச்சு, செப்டம்பர்ல கையெழுத்துப் போட்டு, மழை ஆரம்பிக்கிறப்ப முதல் தவணை அனுப்புறீங்க. எங்க ஊர்ல ஆபத்து வர்றது அக்டோபர், நவம்பர், டிசம்பர். உங்க நிதியாண்டு புயலைக் கேட்டு வச்சதில்ல, புயலும் அதைக் கேட்டு வர்றதில்ல.

காசு குடுக்கிறவங்களுக்குப் பிடிச்சதைக் குடுக்கிறது இப்ப வந்த பழக்கமும் இல்ல. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க, உலகமே காசு அனுப்புச்சு. ரோட்டோரம் பழைய துணி மலை மாதிரி கிடந்துச்சு, மாடு கூட மேயல. அப்புறம் படகு. எல்லாருக்கும் படகு குடுக்கணும், ஏன்னா படகு பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கலாம், பக்கவாட்டுல கம்பெனி பேரு எழுதலாம். முன்னாடி இருந்ததைவிட பைபர் படகு ஜாஸ்தி ஆயிடுச்சு, ஓட்ட ஆளில்லாம கரையில கிடந்துச்சு சிலது. மீன் வாங்கி கூடையில வச்சு விக்கப் போற பொம்பளைங்க, உப்பளக் கூலி, கரைக்குப் பின்னாடி இருக்கிற தலித் குடும்பங்க, இவங்களுக்குப் படகு இல்ல, அதனால இழப்பும் இல்லைன்னு பட்டியல்ல பேரே வரல ரொம்ப நாளைக்கு. அப்ப அந்தக் குழப்பத்துல கொஞ்சமாவது ஒழுங்கு வந்துச்சுன்னா, 2005 ஜனவரியிலேயே நாகையில என்ஜிஓ எல்லாத்தையும் சேத்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் ஆரம்பிச்சாங்களே, அதுதான் பெரிய காரணம். யாரு எந்த ஊர்ல என்ன குடுக்கிறான்னு பட்டியல் போடுறது, மீட்டிங் கூட்டுறது, கலெக்டர் ஆபீஸுக்கும் ஊருக்கும் நடுவுல தகவல் கொண்டு போறது. நான் வேலை கத்துக்கிட்டது அந்த மாதிரி மேஜையைச் சுத்திதான். பட்டியல் போடுறது, மீட்டிங் கூட்டுறது. நீங்க சொல்ற அதே ஓவர்ஹெட்.

வெளிநாட்டுக் காசுன்னு ஒரு கதவு இருந்துச்சு, அதைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். 2020 செப்டம்பர்ல எப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல திருத்தம் வந்துச்சு. பெரிய அமைப்பு வாங்கி எங்களை மாதிரி சின்ன அமைப்புக்குப் பிரிச்சுக் குடுக்கிறது அத்தோட நின்னு போச்சு, நிர்வாகச் செலவு வரம்பு 50ல இருந்து 20 பர்சென்ட் ஆச்சு, எல்லாரும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்லதான் அக்கவுண்ட் வச்சிருக்கணும்னாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2022 ஏப்ரல்ல திருத்தம் செல்லும்னு தீர்ப்பு. அதை இங்க வாதாட வரல. ஆனா அதுக்கு அப்புறம் எங்களுக்கு உங்களை விட்டா போக்கிடம் கிடையாது, அது உங்களுக்கும் நல்லாத் தெரியும், தெரிஞ்ச நாள்ல இருந்து மெயில்ல குரல் மாறிடுச்சு. முன்னாடி "பரிசீலிக்கவும்"னு வரும். இப்ப "வெள்ளிக்கிழமைக்குள்ள".

எங்க பக்கம் எல்லாம் சுத்தம்னு சொல்லிக்க நான் வரல. லெட்டர்பேடு மட்டும் வச்சுக்கிட்டு காசு வாங்கினவனை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாங்களே ஒரு தடவ ரெண்டு கம்பெனி ரிப்போர்ட்லயும் ஒரே 40 குடும்பத்தைக் காட்டிட்டோம். வேணும்னு பண்ணல, ரெண்டு களப்பணியாளர் ஒரே தெருவை ரெண்டு பேர்ல எழுதினதுல வந்த குழப்பம். யாரு கண்டுபிடிச்சான்னு நினைக்கிறீங்க? உங்க ஆடிட்டர் வந்து ரெண்டு நாள் ஏசி ரூம்ல தங்கி எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம், இந்தப் பொண்ணு ரேஷன் கார்டு நம்பர் ரெண்டு இடத்துல ஒத்துப் போகுதேன்னு கண்டுபிடிச்சா. நாங்களே உங்களுக்கு எழுதி, காசைத் திருப்பி அனுப்பினோம். அது நடந்தது 14வது வரியால. அதைத்தான் வெட்டச் சொல்றீங்க.

இப்ப திருத்துறைப்பூண்டியில ஒரு ஜவுளிக்கடையில அவளை பில்லிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க, 15,000 தரேன்னு. என்கிட்ட ஒண்ணும் கேக்கல. ஏப்ரல் வரைக்கும் பாக்குறேன்கா, அப்படின்னா.

எங்களுக்கு வேணும்ங்கிறதை நேரா கேக்குறேன்.

5 பர்சென்ட் சட்டம்னு சொல்றதை நிறுத்துங்க. அது உங்க கம்பெனியோட சொந்தக் கொள்கைன்னா, எங்க கொள்கைன்னு எழுத்துல சொல்லுங்க, அப்ப உங்ககிட்ட பேசலாம். சட்டம்னு சொன்னா பேச்சே முடிஞ்சு போகுது. அக்கவுண்டன்ட், ஆபீஸ் வாடகை, ஆடிட், களப்பணியாளருக்கு பிஎப், ரெஜிஸ்டர் புதுப்பிக்கிற செலவு, இதையெல்லாம் திட்டச் செலவா அதே பேர்ல பட்ஜெட்ல வைக்க விடுங்க. வேற பேர் போடச் சொல்லி போன் பண்ணாதீங்க, சொல்லணும்னா மெயில்ல சொல்லுங்க.

புயல் காலத்துக்கான பேப்பர் வேலையை எல்லாம் ஜூன் ஜூலையிலேயே முடிச்சு வச்சுடுங்க. டியூ டிலிஜென்ஸ், எம்ஓயு, எவ்வளவு தொகை வரைக்கும்ங்கிறது எல்லாமே. ரெட் அலர்ட் வந்த அன்னைக்கு முதல் தவணை கிளம்பணும், போர்டு மீட்டிங்குக்கு காத்திருக்கக் கூடாது. என்ன வாங்குறதுங்கிறதை களத்துல இருக்கிறவங்க முடிவு பண்ணட்டும், நாங்க மாத்தினா ஏன் மாத்தினோம்னு ஒரு பக்கம் எழுதித் தரோம். பேரிடர் நிவாரணமும் மறுவாழ்வும் மறுகட்டுமானமும் 2019லேயே கம்பெனிகள் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில சேத்தாச்சு, அதனால இது சிஎஸ்ஆர்ல வருமான்னு யாரும் யோசிக்க வேண்டியதில்ல.

ஒரு வருஷத் திட்டம் வேணாம். நடந்துட்டிருக்கிற திட்டம்னு போர்டுல வச்சு மூணு வருஷத்துக்குப் போடுங்க. நிறுத்துறதா இருந்தா ஆறு மாசம் முன்னாடி காரணத்தோட எழுதிக் குடுங்க, "ஸ்ட்ராட்டஜி மாறிடுச்சு"ங்கிறது காரணம் இல்ல.

இந்த மாவட்டத்துல வேலை பாக்குற கம்பெனிங்க எல்லாம் ஒரு தடவ உக்காந்து ஒரே ரிப்போர்ட் பார்மட்டுக்கு வாங்க. ஒரே கேள்வியை ஏழு விதமா கேட்டா ஏழு பதில்தான் வரும். அப்புறம் புயல்ல வீடு போனவங்ககிட்ட ஆதார் ஜெராக்ஸ் கேக்காதீங்க, ஆதாரும்தான் தண்ணியில போச்சு, ஜெராக்ஸ் கடையும்தான் போச்சு. நிவாரண கிட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு லோகோவுக்கு முன்னாடி சிரிக்கச் சொல்ற போட்டோவை விட்டுடுங்க. எங்க ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு, எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போய்க் கேளுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். போட்டோ வேணும்னா உப்பு சத்தியாகிரகத் தூண் இருக்கே அகஸ்தியம்பள்ளியில, உங்க டீம் எப்ப வந்தாலும் அங்க நின்னு எடுக்கத்தானே செய்யுது.

அந்த மெயிலுக்கு நேத்து, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 5 மணிக்கு ரிவைஸ் பட்ஜெட் அனுப்பிட்டேன். 14வது வரி அக்கவுண்டன்ட்னே இருக்கு. 15வது வரியும் இருக்கு. நீங்க சேக்கச் சொன்ன 22வது வரி, துவக்க விழா, பந்தல், பேனர், சால்வை, 60,000 ரூபா, அதை எடுத்துட்டேன். பதில் எழுத்துல வேணும், ஏப்ரலுக்கு முன்னாடி.

புரபோசல் அக்கா,
வேதாரண்யம்